பத்து முகத்திலும் தேறியது

மயிலாப்பூர்
12-1-37

சௌபாக்கியவதி தேவானைக்கு அண்ணன் மாசிலாமணியின் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அண்ணி அங்காளம்மாளும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை பாண்டுரங்கனும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. போன கடிதத்தில் “சுகம்” என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தாய். தபால்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தது வீண்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது மாப்பிள்ளை இருமிய இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது. முற்றத்தில் துப்பியதைப் பார்த்தேன், சாம்பல் நிறம். கேட்டால், “பலப்பம் அறுக்கிறவன் எல்லார்க்கும் இப்படித்தான் கீது மச்சான்” என்று சிரித்தார். பிள்ளைகள் சிலேட்டில் எழுதுகிற குச்சிக்கு மனுஷன் நெஞ்சைக் கொடுக்க வேண்டுமா என்று அன்று முழுக்க உன் அண்ணியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது கேள். உங்கள் சிலேட்டுக் கம்பெனியின் ஏஜெண்டுத் துரை, தூசி மூக்கில் ஏறாமல் இருக்க நானூறு பேருக்கு முகமூடி வேண்டும் என்று பட்டணத்தில் நாலைந்து பேருக்குக் காகிதம் போட்டிருக்கிறார். அதில் ஒன்று எங்கள் முதலாளி ராமானுஜம் அய்யங்காருக்கு வந்தது. தேனாம்பேட்டைப் பட்டறையில் இதுவரை ஆஸ்பத்திரிக்கு இடுப்பு பெல்ட்டும் ரப்பர் பையும்தான் செய்துவந்தோம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “மாசிலாமணி, உனக்குத்தான் கைவாகு உண்டு. நீ பண்ணிப் பாரு” என்றார். நான் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மாப்பிள்ளை முகத்தை நினைத்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டேன்.

அறுக்கிற கொட்டகை எப்படி, எத்தனை நாழிகை வேலை, தூள் எப்படிப்பட்டது, எல்லாம் அவரைக் கேட்டு எழுது. முடிந்தால் ஒரு மூட்டைத் தூள் ரயிலில் அனுப்பு. சிரிக்காதே. நிஜமாகத்தான் கேட்கிறேன்.

அண்ணன்
மாசிலாமணி

மார்க்காபுரம், கம்பெனி லைன்
30-1-37

அண்ணனுக்கும் அண்ணிக்கும் தேவானை நமஸ்காரம். இங்கே சுகம். விவரமாக எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்: எனக்குச் சுகம், அவருக்கு இருமல், ஆட்டுக்குட்டிக்குக் காலில் புண். அங்கே அண்ணியின் மூட்டுவலி தேவலையா?

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குத் தெலுங்கு எழுத்துதான் தெரியும் என்பதால் உங்கள் கடிதம் எல்லாம் என் வாயால்தான் அவருக்குப் போகிறது. அவரைப் புகழ வேண்டிய இடம் வந்தால் சேர்த்துக்கொள்வேன், அவரைத் திட்டுகிற இடம் வந்தால் விட்டுவிடுவேன்.

கொட்டகை நீளமானது, ஓலைக் கூரை. பன்னிரண்டு ரம்பச் சக்கரம் ஓடுகிறது. கல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வெள்ளைப் புகை கிளம்பும். எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. துண்டை மூக்கில் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டு மணி நேரம் ரம்பத்தில் நின்றால் இரண்டு மணி நேரம் வெளியே கட்டுக் கட்டுகிற வேலை. அப்படி மாற்றி மாற்றி விடுகிறார் மேஸ்திரி ஷரஃபுதீன். நல்ல மனிதர். தூள் மூட்டை என்றதும், “பட்டணத்துல இதுக்கும் கிராக்கியா?” என்று கேட்டுக் கட்டிக் கொடுத்தார். ரயிலில் ஏற்றியாயிற்று.

இன்னொரு விஷயம். எனக்கு நாள் தள்ளியிருக்கிறது. இரண்டு மாதம். வீட்டைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன். முதல் பிரசவத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்து பட்டது போதும், இந்த முறை இங்கேயே இருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் சொன்ன அன்றே அவர் சவரத்தை நிறுத்திவிட்டார். போன தடவை என் மாமனார் காரியத்துக்கு மீசையும் தலையும் எடுத்தார், எட்டாம் மாதம் பிள்ளை அழாமல் பிறந்தது. பிள்ளைத்தாய்ச்சி புருஷன் கத்தி வைத்ததால் வந்த வினை என்று என் மாமியார் இன்றைக்கும் சொல்கிறார். அதனால் இந்தத் தடவை பிள்ளை பிறக்கும்வரை தாடிதான். இப்போதே பாதிச் சாமியார்.

தேவானை

மயிலாப்பூர்
5-3-37

தேவானைக்கு அண்ணன் ஆசீர்வாதம். நீ சொன்ன சேதி கேட்டு அண்ணி கபாலீசுவரர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். மூட்டுவலி கோயிலுக்குப் போகும்போது இல்லை, திரும்பி வரும்போது வந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள். கனமான குடம் தூக்காதே.

முகமூடிக் கதை சொல்கிறேன், மாப்பிள்ளைக்குப் படி. முதலில் நாலு மடிப்புப் பிளானல் துணி, நடுவில் பஞ்சு. பத்து நிமிஷத்தில் மூச்சு முட்டி நானே கழற்றி எறிந்தேன். அடுத்தது, சைக்கிள் டியூபை அறுத்து முகத்தில் படிகிற விளிம்பு செய்தேன். முன்னால் தகர டப்பா, அதற்குள் கம்பளியும் பஞ்சும். விடுகிற மூச்சு வெளியே போக ஒரு ரப்பர் நாக்கு. மூக்குத் தண்டுக்கு இரண்டு பக்கமும் சந்து விழுந்தது. அலுமினியத் தகட்டை வளைத்து வைத்து அதை அடைத்தேன். இத்தனைக்கும் ஒரு மாதம் ஆயிற்று.

பரீட்சை அடையாறு ஆற்றங்கரையில். முதலாளியின் சொந்தக்காரர் பங்களா ஒன்று காலியாக இருக்கிறது. அதில் குளிக்கிற அறையின் ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டி, உன் மூட்டைத் தூளை மேசை விசிறியால் கிளப்புகிறோம். ஆள் முகமூடியோடு உள்ளே போய் இருபது நிமிஷம் முக்காலியில் ஏறி இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்தால் செல்லாது, வேலை செய்கிறவனைப் போல மூச்சு வாங்க வேண்டுமாம். முகமூடிக்குள் மூக்குக்கு நேரே ஒரு துணுக்குப் பஞ்சு. வெளியே வந்ததும் காலேஜ் கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருவர் அதைத் தராசில் நிறுப்பார். சீமையிலிருந்து வந்த குறிப்புப்படி நூறு பங்கு தூசியில் ஐந்து பங்குதான் உள்ளே போகலாம். பத்து விதமான முகத்தில் போட்டுப் பார்த்துப் பத்திலும் தேற வேண்டும். ஒன்று தவறினாலும் முகமூடி தவறியதுதான்.

இதுவரை ஏழு பேர். ஆறு பேர் தேறினார்கள், நான் முதல் ஆள். ரப்பர் வெட்டுகிற காதர் பாய்தான் கவிழ்த்துவிட்டார். அவர் பஞ்சு எங்கள் வீட்டுச் சாம்பல் கூடை நிறம். “இன்னா நைனா, காலைல துன்ன ரொட்டிய விட உள்ள போன தூளு ஜாஸ்தியா கீது” என்கிறார். வார் சரியாக இழுக்கவில்லை போலிருக்கிறது. சரி செய்துவிடுவேன்.

மாப்பிள்ளைக்கு ஒன்று தனியாகச் செய்து இதோடு பார்சல் அனுப்பியிருக்கிறேன். கம்பெனி வாங்குகிறதோ இல்லையோ, அவர் இன்றிலிருந்தே போட்டுக்கொள்ளட்டும்.

அண்ணன்
மாசிலாமணி

மார்க்காபுரம்
27-3-37

அண்ணனுக்கு நமஸ்காரம். பார்சல் வந்தது. எனக்கு வாந்தி நின்று சோறு இறங்குகிறது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

முகமூடியைப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குள் வந்தபோது ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிற்று. லைன் வீடுகளில் இருக்கிற எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். “என் மச்சான் பண்ணது” என்று அவருக்கு ஒரே பெருமை. ஷரஃபுதீன் மேஸ்திரி வாங்கித் தன் முகத்தில் வைத்துப் பார்த்தார்.

பத்து நாள் கட்டிக்கொண்டு வேலை செய்தார். ஒன்று கேட்கச் சொன்னார். சாயங்காலம் கழற்றும்போது டப்பா பக்கம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் தாடிக்குள் எல்லாம் தூள். விரலால் கோதினால் மாவு மாதிரி கொட்டுகிறது. மூக்கைச் சிந்தினால் முன்போலவேதான் வருகிறது. தாடி இருந்தால் பரவாயில்லையா, இல்லை அது இருக்கிறவரை இது உதவாதா? செய்தவர் நீங்கள், உங்களுக்குத்தான் தெரியும். மறக்காமல் எழுதுங்கள்.

தேவானை

மயிலாப்பூர்
11-5-37

தேவானைக்கு ஆசீர்வாதம். பதில் எழுதத் தாமதமாயிற்று. வேலை இடுப்பை முறித்துவிட்டது. உனக்கு ஆறாம் மாதம், பழம் நிறையச் சாப்பிடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

முகமூடி தேறிவிட்டது. பத்து முகத்திலும் தேறியது. வாத்தியார் கையெழுத்துப் போட்டார், பரீட்சை நடத்தியவன் என்று அதற்குக் கீழே நானும் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இங்கிலீஷ் காகிதத்தில் என் பெயர். முதலாளி லட்டு வாங்கிவந்து அவர் கையாலேயே கொடுத்தார். “இனிமே நீதான் இங்க மேஸ்திரி. ஆத்துல போய்ச் சொல்லு” என்றார். அண்ணி ஒரு வாரமாக என்னை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறாள், அரிசி வாங்கிவரச் சொல்லும்போது கூட.

காதர் பாயைப் பரீட்சையிலிருந்து விடுவித்துவிட்டோம். அவருக்கு ரப்பர் வெட்டுகிற வேலையே தலைக்கு மேல் இருக்கிறது. அவருக்குப் பதில் ஊரூர்க் குப்பத்திலிருந்து மீன் பிடிக்கிற ஆள் ஒருவர் வந்தார். கன்னம் துலக்கிய செம்பு மாதிரி வழவழவென்று இருக்கும். நல்ல சாதுவான ஆள். இருபது நிமிஷமும் முணுமுணுக்காமல் ஏறி இறங்கினார்.

நானூறும் இந்த மாதக் கடைசியில் புறப்படும். மாப்பிள்ளையை வாரை நன்றாக இழுத்துக் கட்டச் சொல். இங்கே வெயில் கொளுத்துகிறது. அங்கே எப்படி?

அண்ணன்
மாசிலாமணி

மார்க்காபுரம்
20-6-37

அண்ணனுக்கு நமஸ்காரம். மேஸ்திரியானதற்குச் சந்தோஷம். நான் இருக்கிறேன். பிள்ளை உதைக்கிறது. போன தடவை இவ்வளவு உதைக்கவில்லை.

பெட்டிகள் வந்துவிட்டன. துரை எல்லோரையும் நிற்க வைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அத்தோடு ஒரு உத்தரவும் போட்டார். இனிமேல் தூசி உள்ளே போகாது என்று பட்டணத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம், அதனால் மாற்று வேலை கிடையாதாம். காலையில் ரம்பத்தில் நின்றால் எட்டு மணி நேரமும் ரம்பம்தான். முன்பு பாதிப் பொழுதாவது வெளியே காற்றில் இருந்தார். ஷரஃபுதீன் மேஸ்திரி போய்க் கேட்டதற்குக் காகிதத்தைக் காட்டினாராம்.

தாடி இப்போது கழுத்தை மறைக்கிறது. சாயங்காலம் வெள்ளையாகத் திரும்பி வருகிறார். இருமல் கூடியிருக்கிறது. வலது பக்கம் படுத்தால் மூச்சு வரவில்லை என்று உட்கார்ந்துகொண்டே தூங்குகிறார்.

அன்று தாடியைப் பற்றி ஒன்று கேட்டிருந்தேன். உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பீர்கள். இந்தத் தடவை அதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுங்கள்.

தேவானை

மயிலாப்பூர்
27-6-37

தேவானைக்கு ஆசீர்வாதம். கார்டில் எழுதுகிறேன், இடம் இல்லை. முகமூடி விளிம்பில் விளக்கெண்ணெய் நன்றாகத் தடவிக் கட்டிக்கொள்ளச் சொல். சந்து இருந்தால் எண்ணெய் அடைக்கும். புதிய வார் இரண்டு தனித் தபாலில் வருகிறது, அது நன்றாக இழுக்கும். முடிந்தால் மாப்பிள்ளை நாலு நாள் லீவு எடுக்கட்டும். உன் உடம்பு ஜாக்கிரதை. அண்ணிக்கு மூட்டுவலி அப்படியே இருக்கிறது. நான் சுகம்.

மாசிலாமணி

மார்க்காபுரம்
18-8-37

அண்ணனுக்கு நமஸ்காரம்.

எண்ணெய் தடவினார். தூள் எண்ணெயில் ஒட்டித் தாடி முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து மாதிரி ஆகிவிட்டது. சீயக்காய் போட்டுத் தேய்த்து எடுத்தேன். வார் இறுகி இரண்டு காதுக்குப் பின்னாலும் புண். லீவு கேட்டதற்குக் கொடுக்கவில்லை.

ஷரஃபுதீன் மேஸ்திரி படுத்துவிட்டார். ரத்தமாகத் துப்புகிறாராம். நான் போய்ப் பார்க்கவில்லை. இந்த உடம்போடு போகக்கூடாது என்றார்கள்.

வீட்டில் இவரும் இளைத்துவிட்டார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். பேசினால் பதில் சொல்கிறார், பேசாவிட்டால் பேசுவதில்லை. இன்னும் பதினைந்து இருபது நாளில் ஆகிவிடும் என்று மருத்துவச்சி சொல்கிறாள்.

நீங்கள் சுகமென்று நினைக்கிறேன்.

தேவானை

மயிலாப்பூர்
5-9-37

தேவானைக்கு.

முதலில் எழுதச் சொன்னதை முதலில் எழுதுகிறேன். தாடி இருந்தால் முகமூடி உதவாது. ரப்பர் தோலில் படிந்தால்தான் அடைக்கும், மயிரில் படிந்தால் இழுக்கிற மூச்செல்லாம் அந்த வழியாகத்தான் போகும். டப்பாவில் எத்தனை பஞ்சு வைத்தாலும் பிரயோஜனமில்லை. இந்தக் கடிதம் கண்டதும் மாப்பிள்ளை சவரம் செய்துகொள்ளட்டும். முடியாது என்றால் ரம்பத்துக்குப் போக வேண்டாம். வேலை போனாலும் போகட்டும், இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள்.

இது எனக்கு மார்ச் மாதமே தெரியும். உன் கடிதம் வந்த மறுநாள் காதர் பாயைத் திரும்ப உள்ளே அனுப்பினேன். வாரை நானே இழுத்துக் கட்டினேன். பஞ்சு மறுபடி சாம்பல் நிறம். தாடி வைத்த இன்னொரு ஆளை வரவழைத்துப் பார்த்தோம், அவருக்கும் அப்படியே. வாத்தியார், “தாடிக்காராளுக்கு இது ஆகாது. ரிப்போர்ட்டுல அதையும் எழுதித்தான் அனுப்பணும்” என்றார். முதலாளிதான், “அதை எழுதினா அவா வேற கம்பெனிக்குப் போயிடுவா. மொதல்ல இது போகட்டும், தாடிக்கு அப்புறம் ஒண்ணு பண்ணிக்கலாம்” என்றார். இரண்டு பேரையும் நீக்கினோம். வழவழப்பான கன்னமாகத் தேடிப் பிடித்துப் பத்தை நிரப்பினோம். நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். போன தடவை பிள்ளை என் வீட்டில்தான் போயிற்று. என் கையில்தான் வாங்கினேன், துணி சுற்றி. நான் சவரம் செய்யச் சொல்லி, மறுபடி பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய் என்று பயந்தேன். இது பாதி நிஜம். மீதிப் பாதி, அதை எழுதினால் என் முகமூடி தவறியது என்று என் கையாலேயே எழுதியதாகும். மேஸ்திரி வேலையும் லட்டும் தொண்டையில் இறங்கிவிட்ட பிறகு எழுத வரவில்லை. பேனாவை எடுப்பேன், வாரை இழுத்துக் கட்டு என்று எழுதிவிட்டு ஒட்டிவிடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் தேவானை, அந்தச் சோற்றையும் நானே தின்றுகொண்டிருந்தேன்.

முந்தாநாள் காதர் பாய் கேட்டார்: “இன்னா மேஸ்திரி, மாப்ள தாடி வச்சிக்கினு கீறாருன்னியே, கடுதாசி போட்டியா இல்லியா?” இல்லை என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “அப்ப நீ இன்னாத்துக்கு நைனா இத்தப் பண்ண?” என்றார். மறுபடி ரப்பரை வெட்டப் போய்விட்டார்.

எனக்கு உள்ளே ஒன்றும் ஓடவில்லை. அழுகை வந்தால் தேவலை. பட்டறைக்குப் போகிறேன், வருகிறேன். தந்தி கொடுக்கலாம் என்று தபாலாபீசு வரை போனேன். நாலு வார்த்தையில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். உடனே பதில் போடு.

அண்ணன்

மயிலாப்பூர்
25-9-37

தேவானைக்கு. இருபது நாளாகப் பதில் இல்லை. பிள்ளை பிறந்ததா? நீ சுகமா? மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? திட்டியாவது ஒரு கார்டு போடு. அண்ணிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் என்னை மேஸ்திரி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

மாசிலாமணி

மார்க்காபுரம்
14-10-37

அண்ணனுக்கும் அண்ணிக்கும் தேவானை நமஸ்காரம்.

செப்டம்பர் மூன்றாம் தேதி ஆண் பிள்ளை பிறந்தான். அழுதான். இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறான். நல்ல பால் குடி. எனக்கும் உடம்பு தேறிவிட்டது.

உங்கள் கடிதம் பிள்ளைக்கு ஏழாம் நாள் வந்தது. நான் எழுந்து நடமாடக்கூடாது. படுத்துக்கொண்டே முதலில் எனக்குள் படித்தேன். பிறகு அவருக்குப் படித்துக் காட்டினேன். எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், “அன்னிக்கே ஒரு வரி போட்டிருந்தா எடுத்துட்டிருப்பேன் தேவான. அம்மா இன்னா சொன்னா இன்னா, மச்சான் சொன்னா போதும்னுதான் குந்திக்கினு இருந்தேன்” என்றார்.

அது நிஜம். மார்ச்சில் கேட்டு எழுதிய அன்றே சொன்னார், மச்சான் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறேன், செய்தவருக்குத் தெரியாததா என்று. அதை நான் உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் உங்கள் தலையில் பாரத்தைப் போட்டதாக ஆகும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு கடிதம் வரும்போதும், “இன்னா, தாடியைப் பத்தி எதுனா கீதா?” என்று கேட்பார். இல்லை என்பேன். அப்படியானால் பரவாயில்லை போலிருக்கிறது, தப்பென்றால் மச்சான் சும்மா இருப்பாரா என்று சொல்லி மறுநாள் வேலைக்குப் போவார். ஐந்து மாதம் அப்படிப் போனார்.

பதினாறாம் நாள் தீட்டுக் கழிந்து புண்ணியாகவாசனம் ஆகி நாவிதரை வரவழைத்துத் தாடியை எடுத்துவிட்டார். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது. எனக்கு யாரோ போல இருந்தது. முகமூடியை வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. ஊதிக் காட்டினார், ஓரத்தில் எங்கும் காற்று வரவில்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள். ஆறு நாள் வேலைக்குப் போனார், அந்த ஆறு நாளும் மூக்கில் தூள் இல்லை. ஏழாம் நாள் கொட்டகைப் படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா குழாய் வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் கல் படிந்துவிட்டது, அதைக் கரைக்க மருந்து கிடையாது என்றாள். முன்னாலேயே இருந்ததாம், இந்த ஐந்து மாதத்தில் மிச்சம் இருந்ததும் போய்விட்டதாம். எத்தனை நாள் என்று கேட்டேன். பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தை வரைக்கும் பார்க்கலாம் என்றாள்.

உங்களைத் திட்டி எழுதத்தான் இத்தனை நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சோறாக்குகிறேன், பிள்ளைக்குக் குளிப்பாட்டுகிறேன், அவருக்கு முதுகு நீவிவிடுகிறேன். அவர் மடியில் பிள்ளையைப் போட்டால் அவன் அழுகையை நிறுத்திவிட்டு அவர் மூச்சுச் சத்தத்தைக் கேட்கிறான்.

அவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். பிள்ளைக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை, தாய்மாமன் வரட்டும் என்று சொல்லிவிட்டார். அவருக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. எனக்கு இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை.

ஷரஃபுதீன் மேஸ்திரி போன வெள்ளிக்கிழமை இறந்துபோனார். லைனில் தாடி வைத்தவர்கள் இன்னும் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். வீட்டில் இவரை எண்ணச் சொல்லிக் கேட்டு எழுதுகிறேன். அவர்கள் ஒரு பிள்ளை பிறப்பதற்காக வளர்த்த தாடி இல்லை அது, பதினாறாம் நாள் எடுத்துவிடுவதற்கு. அவர்கள் இஸ்லாம் மார்க்கத்துத் தாடி. எட்டு மணி நேரமும் ரம்பத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னேன், பெண்பிள்ளை பேச்சு என்று விட்டுவிட்டார்கள். துரையிடம் போனால், நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார், அதைக் காட்டுகிறார்.

காலை வண்டிக்கு வந்து இறங்கினால் ஸ்டேஷனிலிருந்து கம்பெனி ஆபீசு இடது கைப் பக்கம். எங்கள் லைன் அதைத் தாண்டி. முதலில் ஆபீசுக்குப் போங்கள். அடையாறில் உள்ளே போனவர்கள் பத்துப் பேர் இல்லை, பன்னிரண்டு பேர் என்று துரையிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வந்தால் பிள்ளையை உங்கள் கையில் கொடுக்கிறேன். சொல்லாமல் வருவதாக இருந்தால் வர வேண்டாம். அவரிடம் ரயில் கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

தேவானை